தேக்கோவும் கெண்டியும்

சுங்கை ரம்பாயில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் எனாமல் பாத்திரம் இருந்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, வளைந்த மூக்கு, மூக்குக்கு எதிரே கைப்பிடி. மூடி தொலைந்துவிடக் கூடாதென்று அதன் குமிழில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கைப்பிடியில் முடிந்து வைத்திருந்தார் பாட்டி. மூக்கு நுனியில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். வீட்டில் அதற்குத் ‘தேக்கோ’ என்று பெயர். “தேக்கோவ எடுத்தா” என்று பாட்டி குரல் கொடுத்தால் சாயங்காலம் ஆகிவிட்டது என்று பொருள். யாராவது கதைப் புத்தகத்தையும் கையோடு எடுத்துவர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “தேத்தண்ணிய அதுக்குள்ள தேக்கி வைக்கிறோம்ல, அதான் தேக்கோ” என்றார். அணையில் தண்ணீர் தேங்குவதுபோல, ஏப்பத்தைத் தேக்கெறிதல் என்பதுபோல, அது நல்ல தமிழ்ச் சொல் என்றே வெகுகாலம் நம்பினேன். பிறகு மூவார் போகும் சாலையில் ஒரு பாத்திரக் கடையில், சீனப் பெரியவர் ஒருவர் பீங்கான் பாத்திரமொன்றைத் துடைத்துக்கொண்டே அதே சொல்லைச் சொன்னார். அவர் சொன்னது தமிழும் அல்ல, மலாயும் அல்ல. ஹொக்கியன். ‘தே’ என்றால் தேயிலை, ‘கோ’ என்றால் அதை ஊற வைக்கும் பாத்திரம். மலாய்க்காரர்கள் அதை ‘தெகோ’ என்று எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்துத் தமிழர்கள் மலாய்க்காரரிடமிருந்தோ சீனரிடமிருந்தோ வாங்கி நடுவில் ஒரு ‘க்’ சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஓர் ஒற்றெழுத்தில்தான் பாட்டியின் ‘தேக்கி வைப்பது’ உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து தேநீர் சம்பந்தப்பட்ட சொற்கள் எதைக் கேட்டாலும், அது எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மலாக்காக்காரனுக்கு அது எளிய வேலை. பாதிச் சொற்கள் நம் வாசலிலேயே இறங்கியவை.

சீனத்தில் தேயிலையைக் குறிக்கும் எழுத்து எங்கும் ஒன்றே. ஒலிதான் இடத்துக்கு இடம் வேறு. நாட்டின் பெரும்பகுதியில் அதைச் ‘சா’ என்பார்கள். தென்கிழக்கே ஃபூஜியன் கடற்கரையில், சியாமென் துறைமுகத்தைச் சுற்றிப் பேசப்படும் ஹொக்கியனில் அது ‘தே’. தரைவழியாகப் பாரசீகத்துக்கும் வட இந்தியாவுக்கும் போனவர்கள் சாவைக் கொண்டுபோனார்கள். மக்காவ் நகரில் குடியிருந்த போர்த்துக்கீசியரும் அதைத்தான் கேட்டார்கள், இன்றும் அவர்கள் மொழியில் தேநீர் ‘சா’தான். ஜாவாவில் கடை விரித்த டச்சுக்காரர்களோ ஃபூஜியன் மரக்கலங்களில் வந்த சரக்கை வாங்கினார்கள். சரக்கோடு ‘தே’ என்ற ஒலியும் அவர்கள் வாயில் ஏறியது. அவர்கள் வழியாகத்தான் அது மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் போனது.

இந்த இரண்டு சொற்களைக் கொண்டு திரிந்தவர்களும் மலாக்காவை ஆண்டிருக்கிறார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள், 1641-இல் டச்சுக்காரர் அவர்களைத் துரத்தினார்கள், 1824 ஒப்பந்தத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால் தேயைக் கற்றுக்கொள்ள மலாக்காவாசிக்கு டச்சுக்காரன் தேவைப்பட்டிருக்க மாட்டான். 17ஆம் நூற்றாண்டிலேயே செங் ஹூன் தெங் கோயிலை எழுப்பிய ஹொக்கியன் வணிகர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வராமல், பிறந்த வாயிலிருந்து நேரே காதுக்கு வந்த சொல் இது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் ‘தே’யைக் கேட்டுச் சிரிப்பார்கள், டீயைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்து. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆங்கிலேயரே முதலில் அதை ‘டே’ என்றுதான் சொன்னார்கள். அலெக்ஸாண்டர் போப் தமது ‘த ரேப் ஆஃப் த லாக்’ காவியத்தின் 1714ஆம் ஆண்டுப் பதிப்பில், கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஒபே’ என்ற சொல்லோடு அதை இயைபாக அமைத்திருக்கிறார். ஏகாரம் ஈகாரமாகத் திரிந்தது பிற்பாடு. ஆகவே டீதான் இளையது. நாம் எழுதும் ‘தேயிலை’, ‘தேநீர்’, ‘தேக்கரண்டி’ எல்லாவற்றிலும் இருப்பது அந்த மூத்த ஏகாரம். இன்றைய ஆங்கில ஒலியிலிருந்து அவை பிறந்திருக்கவே முடியாது. டச்சுக்காரரின் தேயோ, மலாய் வணிகரின் தேயோ சோழமண்டலக் கரையில் இறங்கி, இலையையும் நீரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நாவை மேலே மடக்கிச் சொல்லும் டகரம் ஆங்கிலத்தின் நிழல். பல்லில் நாவை வைத்துச் சொல்லும் தகரம் ஃபூஜியனுக்கு அருகில். சுங்கை ரம்பாய்க் கடையில் “ரெண்டு தே” என்று சொல்கிறவர் தமக்குத் தெரியாமலே சியாமென் துறைமுகத்து ஒலியைச் சொல்கிறார்.

சாவின் பிள்ளைகளும் தமிழில் உண்டு. கேரளத்தையொட்டிய கன்னியாகுமரிப் பக்கமும் முஸ்லிம் வீடுகளிலும் ‘சாயா’ புழங்குகிறது. இலங்கை மலையகத்தில் பால் சேர்க்காத தேநீரைச் ‘சாயத்தண்ணி’ என்கிறார்கள். 1869-இல் காப்பிச் செடியில் துருநோய் கண்டு தோட்டங்கள் அழிந்தபோது, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலைதான் அந்தத் தீவைக் காப்பாற்றியது. அதைக் கிள்ளிய விரல்கள் தமிழ் விரல்கள். நல்ல கொழுந்து கப்பலேறிப் போய்விடும், சாயம் மட்டும் மிஞ்சும் தூள்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரும். ‘சாயத்தண்ணி’ என்ற சொல்லில் சீனத்துச் சாவைத் தேடுவதைவிட, அந்தத் தொழிலாளியின் கிண்ணத்தில் இருந்த நிறத்தைப் பார்ப்பதே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் ‘தேத்தண்ணி’. யாழ்ப்பாணத்தாரும் அப்படியே சொல்வார்கள். தே, தண்ணி, நடுவில் ஒரு ‘த்’, அவ்வளவுதான் இலக்கணம். ஆனால் காது இலக்கணம் பார்ப்பதில்லை. தேற்று என்பதைப் பேச்சில் ‘தேத்து’ என்கிறோம். உடம்பு தேறுதல், மனம் தேறுதல், துக்க வீட்டில் போய்த் தேற்றுதல். கலங்கிய நீரைத் தெளிய வைக்க அதில் இழைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். விடியற்காலை இருட்டில் பெரட்டு என்னும் காலைப் பதிவுக்கு ஓடிப் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போய், நெற்றிப்பொழுதில் பால் எடுத்து முடிக்கிறவருக்கு, போத்தலில் துணி சுற்றிக் கொண்டுபோன அந்தத் தண்ணி தேற்றும் தண்ணியாகத்தான் இருந்திருக்கும். சொல்லின் பிறப்பு அதுவல்ல. அவர் அதைக் கேட்ட விதம் அது.

பெயர்ப்பலகைகளில் ‘தேனீர்’ என்று எழுதுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். மெய்ப்புப் பார்க்கும்போது நான் தயங்காமல் ‘தேநீர்’ என்று திருத்துவேன், ஏனென்றால் தேனுக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் எழுதியவர் மேல் கோபம் வருவதில்லை. கெட்டிப்பால் இரண்டு கரண்டி ஊற்றிய மலாக்காத் தேத்தண்ணியைக் குடித்தவர் அதில் தேன் இருக்கிறது என்று நம்பினால் அவரை எப்படிக் குறை சொல்வது? தேக்கோவில் தேக்கம், தேத்தண்ணியில் தேற்றம், தேனீரில் தேன், சாயாவில் சாயம். தெரியாத ஒலி ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதை வாசலில் நிறுத்தி ஊர் பேர் கேட்காமல், உள்ளே இருக்கும் ஓர் உறவின் சாடையை அதன் முகத்தில் கண்டுபிடித்துவிடுகிறது தமிழ்க் காது. கப்பலில் வந்து இறங்கிய மக்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாகவே வேண்டியிருந்திருக்கும்.

கடையில் ஒருவர் தேத்தண்ணி கேட்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் இந்த நீரிணையின் கதை முழுவதும் கேட்கும். “அண்ணே, தே ஓ கோசோங் ஒன்னு.” தே, ஹொக்கியன். ஓ, அதுவும் ஹொக்கியன்தான், கறுப்பு என்று பொருள், அதாவது பால் வேண்டாம். கோசோங் மலாய், வெறுமை, அதாவது சீனியும் வேண்டாம். அண்ணேயும் ஒன்னும் நம்முடையவை. ஐந்து சொல்லில் மூன்று மொழி. கேட்டவருக்கும் ஊற்றியவருக்கும் இடையில் ஒரு குழப்பமும் இல்லை.

‘தே தாரிக்’ இன்னும் சுவையானது. தமிழ் முஸ்லிம் கடைகளிலிருந்து கிளம்பி நாடு முழுவதும் பரவிய பானம் அது. தாரிக் என்றால் மலாயில் இழுத்தல். உயரத் தூக்கிய குவளையிலிருந்து தாழ இருக்கும் குவளைக்குத் தேத்தண்ணி ஒரு கயிறுபோல நீள்கிறதே, அந்தக் காட்சிக்கு வைத்த பெயர். நாம் அதே செயலை ‘ஆத்துதல்’ என்கிறோம். ஆற்றுதல், ஆறச் செய்தல். மலாய்ச் சொல் கையைப் பார்க்கிறது, தமிழ்ச் சொல் தேநீருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறது. ஊற்றி ஊற்றி எடுக்கும்போது கெட்டிப்பால் அடியில் தங்காமல் கலக்கிறது, நுரை எழும்புகிறது, காற்றுப் பட்டுச் சூடு நாக்குக்கு ஏற்ற அளவுக்கு இறங்குகிறது. மூன்றில் கடைசியானதையே தமிழ் முக்கியமென்று கருதியிருக்கிறது.

அந்த ‘ஆறு’ என்ற வினையை நான் மிகவும் நேசிக்கிறேன். தமிழ்நாட்டில் டிபன் என்பதை நாங்கள் பசியாறுதல் என்கிறோம். “பசியாறிட்டீங்களா?” என்பது எங்கள் ஊரில் காலை வணக்கம். பசி ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், ஆறுதல் சொல்வார்கள். அவசரமில்லாமல் ஒன்றைச் செய்வதை ‘ஆற அமர’ என்போம். தேத்தண்ணியும் கதைப் புத்தகமும் சேர்ந்த அந்தச் சாயங்காலச் சுகத்துக்குத் தமிழில் பெயர் தேடினால் இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சுகத்துக்குக் ‘கோஸி’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், தேநீர்ப் பாத்திரத்துக்கு மாட்டும் பஞ்சு வைத்த துணித்தொப்பிக்கும் அதே பெயர்தான். இரத்தம் தெறிக்காத, கிராமத்து வீட்டு முன்னறையில் நடக்கும் கொலைக்கதைகளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அகதா கிறிஸ்டி அந்த வகைக்குத் தாய்போல. அவருடைய மிஸ் மார்பிள் கதைகளில் ஒன்றான ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ 1953-இல் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே அலுவலகத்தில் காலைத் தேநீர் குடித்த முதலாளி சாய்கிறார், எல்லார் பார்வையும் தேநீர் போட்டவர்மேல் திரும்புகிறது. குளிர்நாட்டில் தேநீர் ஆறிவிடக் கூடாது. அதனால் அவர்கள் அதற்குத் தொப்பி மாட்டினார்கள், சுகத்தின் பெயரையே அந்தத் தொப்பிக்கும் கொடுத்தார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கோ அது ஆற வேண்டும். ஒரே பானம், ஒரே வகைப் புத்தகம், ஆனால் சுகத்துக்கான சொல் எதிரெதிர்த் திசையில் பிறந்திருக்கிறது.

பாத்திரத்துக்கு வருகிறேன். தேநீருக்கென்று மூக்கும் கைப்பிடியும் வைத்த பாத்திரம் நாம் நினைப்பதுபோல அத்தனை பழையதல்ல. சீனத்தில் வெகுகாலம் தேயிலையை அழுத்திக் கட்டியாக்கி, இடித்துப் பொடியாக்கிக் கிண்ணத்திலேயே கலக்கிக் குடித்தார்கள். 1391-இல் மிங் வம்சத்தின் முதல் அரசர் கட்டித் தேயிலையைத் திறையாக வாங்குவதை நிறுத்தினார். உதிரி இலையை வெந்நீரில் ஊற வைக்கும் பழக்கம் மேலோங்கியது, ஊற வைக்க ஒரு பாத்திரமும் வேண்டியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் யீசிங் ஊர்க் குயவர்கள் செந்நிறமும் ஊதாநிறமும் கொண்ட களிமண்ணில் கைக்கடக்கமான பாத்திரங்களைச் செய்து பேர் வாங்கினார்கள். ஐரோப்பாவில் மைசன் நகரத்தில் பீங்கான் ஆலை தொடங்கியது 1710-இல்.

தமிழில் அதற்கு நிலைத்த பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது. நாம் தேயிலையை ஊற வைப்பதில்லை, கொதிக்க வைக்கிறோம், அல்லது துணி வடிகட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். தோட்டத்தில் மூக்குள்ள பாத்திரம் இரண்டு இடத்தில்தான் கண்ணில் பட்டிருக்கும்: துரை பங்களாவில், அல்லது சீனர் கடை மேசையில். தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் கதைகளில் அதைச் சொல்ல நேர்ந்தால் ‘டீ பாட்’ என்று விட்டுவிடுவார்கள், அல்லது ‘கூஜா’ என்பார்கள். கூஜா பாரசீக வழி வந்தது, ரயில் பயணத்தில் தண்ணீர் கொண்டுபோகும் பாத்திரம். மூக்கு அதன் இலக்கணமல்ல.

ஆனால் மூக்குள்ள பாத்திரத்துக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. கெண்டி.

கல்யாண வீட்டில் தாரை வார்க்கக் கெண்டிச் செம்பு எடுப்பார்கள். மலையாளத்தில் அது கிண்டி, வீட்டுக்கு வருகிறவர் கால் கழுவ முற்றத்தில் நிற்கும். வடமொழியின் குண்டிகையை இதன் மூலமாகக் காட்டுவார்கள், துறவிகள் கையில் வைத்திருந்த நீர்க்கலம். அந்தக் கலம் பௌத்தத் துறவிகளின் தோளில் தொங்கிக்கொண்டே கடல் கடந்தது. 671-இல் சீனத்திலிருந்து கப்பலேறி ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் படித்த யீஜிங் என்ற துறவி, குடிநீருக்கு ஒன்றும் கைகால் கழுவ ஒன்றுமாக இரண்டு குண்டிகைகளைத் துறவிகள் வைத்திருந்ததை விவரித்து எழுதியிருக்கிறார். சீனர் அந்தப் பெயரைத் தங்கள் எழுத்தில் ஒலிபெயர்த்துக்கொண்டார்கள். மலாயிலும் ஜாவாவிலும் அது ‘கெண்டி’ என்றே நின்றது. இன்றும் மலாய் அகராதியைத் திறந்தால் அதே பெயர், அதே பொருள்.

கெண்டிக்குக் கைப்பிடி கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மூக்கிலிருந்து நீரை வாயில் விழவிட்டு, உதடு படாமல் குடிக்க வேண்டும். செம்பை அண்ணாந்து குடிக்கப் பழகிய நமக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எச்சில் படக் கூடாது என்ற அந்த ஒரு பழக்கம்தான் பாத்திரத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. மிங் காலத்துச் சீனச் சூளைகள் தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே பீங்கானில் கெண்டி செய்து ஏற்றுமதி செய்தன. யானை வடிவில்கூடச் செய்தார்கள். இந்தக் கடல்களில் மூழ்கிய கப்பல்களிலிருந்து அவற்றை எடுத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். சீனர் தமக்குள் அதைப் பயன்படுத்தியதைவிடப் பிறருக்கு விற்றதே அதிகம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. தே என்ற ஒலி கிழக்கிலிருந்து மேற்கே வந்தது. கெண்டி என்ற ஒலி அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேற்கிலிருந்து கிழக்கே போய்விட்டது. இரண்டும் சந்தித்துக்கொண்ட கரை இது. மூக்குள்ள தேநீர்ப் பாத்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டுமானால் ‘தேக்கெண்டி’ என்று வைக்கலாம் என்பது என் துணிபு. புதிதாக உருவாக்க ஒன்றுமில்லை. இருப்பதைச் சேர்த்தால் போதும்.

தட்டுமுட்டுச் சாமான்களில் இதுபோல இன்னும் சில உண்டு. பீங்கானும் மலாயின் ‘பிங்கான்’ என்ற தட்டும் பாரசீகத் தாய் வயிற்றுப் பிள்ளைகள். செட்டிநாட்டு ‘மங்குச் சாமா’னில் மலாயின் ‘மங்கோக்’ என்ற கிண்ணம் எனக்குக் கேட்கிறது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பீரிசு. கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டை இலங்கைத் தமிழர் அப்படிச் சொல்வார்கள். போர்த்துக்கீசியரின் ‘பிரிஸ்’ அது. போர்த்துக்கீசியருக்கு எங்கிருந்து கிடைத்தது? மலாயின் ‘பீரிங்’கிலிருந்து. மலாக்காப் பக்கத்துத் தட்டு ஒன்று கப்பலேறிப் போர்த்துக்கீசியர் வாயில் உருமாறி யாழ்ப்பாணத்துக்குப் போனது. பிறகு ரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு மலாயா வந்த யாழ்ப்பாணத்தாரின் பேச்சில் ஏறி, பிறந்த இடத்துக்கே திரும்பி வந்தது. (1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்து இந்தப் பகுதியின் வணிகத்தை எழுதிவைத்த மருந்துச் சரக்காளர் தொமே பிரிஸின் பெயரும் அதே ஒலிதான். அது தற்செயல். அவர் பெயருக்குப் பேரோவின் மகன் என்று பொருள்.)

இனி, தேக்கோவோடு வரும் புத்தகம்.

மலாக்காவில் தான் சே யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து, இங்கே தமிழர் நாள் என்பது மரத்தின் நாளாகிவிட்டது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும், ஆகவே இருட்டிலேயே வெட்டப் போக வேண்டும். வெயில் ஏறினால் வெட்டு முடியும். பிற்பகல் சாய்ந்தபின் கொஞ்ச நேரம் மனிதருக்குச் சொந்தம். அந்த நேரத்தில் எங்கள் லயத்தில் கதை வாசிப்பார்கள். தொடர்கதைகளை வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்ட புத்தகங்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்பவர் பத்துப் பேர். எல்லாருக்கும் பிடித்தது துப்பறியும் கதை.

துப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழந்தமிழில் அது வலிமை. “அவனுக்குத் துப்பில்லை” என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த வலிமைதான். பவளத்துக்கும் துப்பு என்று பெயர். வள்ளுவர் வான்சிறப்பில் உண்ணும் உணவுக்கும், உணவாகவே ஆகிவிடும் மழைக்கும் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டு விளையாடியிருக்கிறார். குற்றத்தின் தடயம் என்ற பொருள் பிற்காலத்தது. இரண்டுக்கும் ஒரே வேர் என்று சாதிப்பது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு கையில் பருகும் துப்பும் மறுகையில் அறியும் துப்புமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மர்மம் இன்னும் ஆழமானது. வடமொழியில் அது உடம்பில் அடிபட்டால் உயிர்போகும் இடம். குமரி மாவட்டத்து ஆசான்கள் ‘வர்மம்’ என்று சொல்வதும் அதே சொல்தான். நாம் ஒரே விருந்தாளியை இரண்டு பெயரில் இரண்டு அறையில் தங்கவைத்திருக்கிறோம். தொட்டால் உயிர்போகும் இடம், யாரும் அறியாத இடமாகி, பிறகு புத்தக அட்டையில் ‘மர்ம நாவல்’ ஆயிற்று.

தமிழில் அந்த வகையைக் கொண்டுவந்து நட்டவர்கள் நன்றாக அறியப்பட்டவர்கள். ‘ஆனந்தபோதினி’யின் ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளுக்கு வேட்டி கட்டிவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜுவுக்குத் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காருக்குத் திகம்பர சாமியார், தேவனுக்கு 1940களில் ‘ஆனந்த விகட’னில் உலவிய சாம்பு. ஆனால் எங்கள் லயத்தில் கேட்டால் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: சங்கர்லால். ‘கல்கண்டு’ இதழ்த் தமிழ்வாணனின் துப்பறிவாளர். காப்பி ஆண்ட தமிழ்நாட்டில், மத்தியதர வீட்டின் மரியாதையே காப்பி டபராவில் இருந்த காலத்தில், தமிழ்வாணன் தம் நாயகனைத் தேநீர்ப் பிரியராக்கினார். அதுவும் டீ அல்ல, தேநீர். சிக்கல் முற்றும்போது சங்கர்லால் தேநீர் அருந்துவார். அப்போது எங்கள் வீட்டிலும் வாசிப்பு நிற்கும். பாட்டி தேக்கோவைச் சாய்ப்பார். இந்தியாவிலிருந்து வந்த புத்தகங்களில் மற்றவர்கள் எல்லாம் காப்பி குடித்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய துப்பறிவாளர் மட்டும் நாங்கள் குடிப்பதையே குடிக்கிறார் என்பதில் லயத்தார்க்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வாசிப்புக்குப் பாட்டி ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு தேக்கோவுக்கு ஓர் அத்தியாயம். மூக்கில் கடைசிச் சொட்டு விழுந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். என்ன கெஞ்சினாலும் மறுநாள்தான். கொலை செய்தவன் யாரென்று இரவெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்கள், பெரட்டுக்குப் போகும் வழியிலும் பேசுவார்கள். சூடு இறங்க இறங்கத்தான் சந்தேகம் ஏறும். தைத்த புத்தகங்களில் பல சமயம் கடைசி அத்தியாயம் இருக்காது. எந்த லயத்திலோ, எவர் கையிலோ நூல் விட்டுப் பிரிந்து போயிருக்கும். அப்போது முடிவை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். பாட்டி ஒருபோதும் சொன்னதில்லை. “ஆற அமர யோசிச்சுச் சொல்றேன்” என்பார்.

தோட்டம் செம்பனையாகி, லயம் போய், நாங்கள் வீடு மாறியபோது தேக்கோ என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது அதில் தேத்தண்ணி ஊற்றுவதில்லை, அடியில் துரு தின்றுவிட்டது. மூக்கைப் பார்க்கும்போது கெண்டி என்று எனக்குத் தோன்றும். ஆனால் எடுத்துத் துடைக்கும்போது வாயில் வருவது தேக்கோதான். மூடியைக் காணவில்லை. கைப்பிடியில் பாட்டி போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது, அதிலிருந்து விரற்கடை நீளத்துக்கு நூலும் தொங்குகிறது. தேய்ந்து அறுந்த நூல் நுனியில் பிசிறு பிரிந்திருக்கும். இது நேராக, கத்தி பட்டதுபோல முடிந்திருக்கிறது.